புருஸ்கெட்டா: பிரித்து வைத்தால் தாங்கும்

வீட்டில் நாலு பேர் கூடுகிறார்கள் என்றால் நான் முதலில் செய்ய நினைப்பது புருஸ்கெட்டாதான். சுட்ட பிரெட், அதன்மேல் தேய்த்த பூண்டு, நல்ல ஆலிவ் எண்ணெய், நறுக்கிய தக்காளி, கிள்ளிப் போட்ட பேசில் இலை. பொருட்கள் இவ்வளவுதான். அடுப்பில் வேலை அதிகம் இல்லாத பண்டம் என்பதால், ஒவ்வொரு பொருளும் எந்தப் பதத்தில் தட்டுக்கு வருகிறது என்பதில்தான் ருசி இருக்கிறது. செய்முறை எங்கே தேடினாலும் கிடைக்கும். முன்கூட்டியே எதைச் செய்து வைக்கலாம், எதை எங்கே வைக்க வேண்டும், மிச்சத்தை என்ன செய்வது என்றுதான் விவரமாகச் சொல்ல ஆள் இல்லை. பல வருடங்களாக விருந்துகளுக்குச் செய்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுக்கி முடித்த புருஸ்கெட்டாவைப் பாதுகாக்க வழியே கிடையாது. தக்காளியில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். உப்புப் பட்டதும் அந்தத் தண்ணீர் வெளியே வர ஆரம்பிக்கும், காய்ந்த பிரெட் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். கால்மணி நேரம் போனால் ஓரம் மட்டும் மொறுமொறுவென்று இருக்க, நடுப்பகுதி நமத்துவிடும். கையில் எடுத்தால் வளையும். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் இது நிற்காது. கூடவே பிரெட் தோல் மாதிரி இழுபடவும் தொடங்கும். அதனால் புருஸ்கெட்டாவை எடுத்து வைப்பது என்றால், பிரெட்டைத் தனியாக, தக்காளியைத் தனியாக, இலையைத் தனியாக, எண்ணெயைத் தனியாக வைப்பதுதான். இவற்றில் ஒவ்வொன்றும் வேறு வேறு இடம் கேட்கும். இதைப் புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

இது மத்திய இத்தாலியின் உணவு. டஸ்கனி, அம்ப்ரியா, ரோம் நகரம் இருக்கும் லாட்சியோ பகுதிகளில், ஆலிவ் அறுவடை முடிந்து புது எண்ணெய் ஆட்டும் காலத்தில், எண்ணெயின் ருசியைப் பார்ப்பதற்காகவே பிரெட்டைச் சுட்டு எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவார்கள். டஸ்கனியில் இதற்கு ஃபெத்துந்தா என்று பெயர். சுட்ட பிரெட், பூண்டு, எண்ணெய், உப்பு மட்டும்தான். தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டில்தான், சமையலில் பரவலாகப் புகுந்தது அதற்கும் வெகு காலம் கழித்து. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மில் பலரும் தக்காளிக் கலவையில் காட்டும் அக்கறையைப் பிரெட்டில் காட்டுவதில்லை. தக்காளியே இல்லாமல் அந்தப் பிரெட்டை எண்ணெயோடு சாப்பிட்டால் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நன்றாக இருந்தால்தான் அதன்மேல் தக்காளி வைக்கலாம்.

மெத்தென்ற, இனிப்புக் கலந்த சாண்ட்விச் பிரெட் இதற்குச் சரிப்படாது. சுட்டாலும் அதன் உள்பகுதி ஈரத்தைத் தாங்காமல் கூழாகிவிடும். கெட்டியான மேல்தோலும், உள்ளே சின்னதும் பெரிதுமாகத் துளைகளும் உள்ள பிரெட் வேண்டும். புளித்த மாவில் செய்த சவர்டோ மிக நன்றாக வரும். சியாபட்டாவும் நல்லதுதான், ஆனால் துளைகள் ரொம்பப் பெரிதாக இருந்தால் தக்காளிச் சாறு கீழே ஒழுகிச் சட்டையில் சொட்டும். நின்றுகொண்டே சாப்பிடும் விருந்து என்றால் பகெட் மாதிரி ஒல்லியான பிரெட்டைச் சாய்வாக வெட்டுங்கள், இரண்டு மூன்று வாயில் முடியும். அன்றைக்குச் சுட்ட பிரெட்டைவிட முந்தின நாள் பிரெட் எனக்குப் பிடிக்கும். ஈரம் கொஞ்சம் போயிருப்பதால் கத்திக்கு நசுங்காது, சீக்கிரம் சிவக்கும்.

தடிமன் ஒன்றரை சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் முழுத்துண்டும் பிஸ்கெட் மாதிரி காய்ந்து, கடித்தவுடன் நொறுங்கித் தக்காளி தரையில் விழும். இரண்டுக்கு மேல் போனால் பிரெட்டே வாயை நிறைத்துவிடும். பல் வைத்த பிரெட் கத்தியால், அழுத்தாமல் அறுப்பது போல இழுத்து வெட்ட வேண்டும்.

சுடுவதற்கு ஓவன் என்றால் 220 டிகிரி செல்சியஸ். முதல் பக்கம் நாலைந்து நிமிடம், திருப்பிப்போட்டு மூன்று நாலு நிமிடம். கிரில் அல்லது கனமான வாணலி இருந்தால் இன்னும் நல்லது. மேற்பரப்பு வேகமாகச் சிவந்து உள்ளே லேசான மென்மை மிஞ்சும். எங்கே சுட்டாலும் பொன்னிறத்தைத் தாண்டி, ஓரங்களில் அங்கங்கே கரும்புள்ளி விழும்வரை விடுங்கள். பிரெட்டின் மேற்பரப்பு ஏறக்குறைய 140 டிகிரியைத் தாண்டும்போது மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் சேர்ந்து அந்தச் சுட்ட மணத்தைத் தருகின்றன. வெளிறிய டோஸ்ட்டில் அந்த மணமும் இருக்காது, தக்காளியின் ஈரத்துக்கு முன்னால் அது நிற்கவும் நிற்காது.

சுடும்போது எண்ணெய் தடவலாமா? உடனே பரிமாறப்போகிறேன் என்றால் எண்ணெய் இல்லாமல் சுட்டு, பிறகு ஊற்றுவேன். பச்சை எண்ணெயின் காரமும் மணமும் சூட்டில் போய்விடக்கூடாது. முந்தின நாளே சுட்டு வைப்பதாக இருந்தாலும் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் தடவிச் சுட்ட துண்டுகளில் நாளாக நாளாகக் காறல் வாடை ஏறும். வெறும் டோஸ்ட் அதைவிடச் சுத்தமாக இருக்கும்.

சுட்ட துண்டுகளைத் தட்டில் அடுக்கக்கூடாது. உள்ளே இருக்கும் ஆவி கீழ்ப்பக்கம் வழியாக வந்து, தட்டில் பட்டு நீராகி, திரும்பப் பிரெட்டுக்குள்ளேயே போகும். கம்பி வலைத் தட்டில் ஒற்றை வரிசையாகப் பரப்புங்கள். அது இல்லாவிட்டால் ஓவனின் கம்பித் தட்டையே வெளியே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பூண்டு தேய்ப்பது மட்டும் சூட்டோடு சூடாக நடக்க வேண்டும். ஒரு பல்லைக் குறுக்கே பாதியாக வெட்டி, வெட்டுமுகத்தைப் பிரெட்டின்மேல் தேய்த்தால், அந்தச் சொரசொரப்பான பரப்பு துருவி போலப் பூண்டைச் சீவி எடுத்துக்கொள்ளும். பூண்டின் காரம் அதன் செல்கள் உடையும்போதுதான் உண்டாகிறது. எத்தனை முறை தேய்க்கிறோமோ அத்தனை காரம். ஒரு துண்டுக்கு இரண்டு இழுப்பு எனக்குப் போதும். டோஸ்ட்டை முன்கூட்டியே செய்து வைப்பதாக இருந்தால் அப்போது பூண்டு தேய்க்க வேண்டாம். பரிமாறும் முன் திரும்பச் சூடாக்கி, அப்புறம் தேய்த்துக்கொள்ளலாம். பழைய பூண்டு வாடை டப்பா முழுக்க ஏறிவிடும் என்பது ஒரு காரணம். மணமே மாறி ஒருவிதக் கசப்பு வரும் என்பது இன்னொன்று.

இப்போது எடுத்து வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைப்பது பலருடைய பழக்கம். கெட்டுப்போகாமல் இருக்கும் என்று வைக்கிறார்கள். பூசணம் வருவது தள்ளிப்போகும் என்பது உண்மைதான். ஆனால் பிரெட் வறண்டு கெட்டியாவதற்கு ஈரம் போவது மட்டும் காரணமில்லை. வேகும்போது குழைந்த மாவுச்சத்து ஆற ஆறத் திரும்ப இறுகுகிறது. இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது சரியாக ஃப்ரிட்ஜின் குளிரில். அறைச் சூட்டில் மெதுவாக நடக்கும். ஃப்ரீஸரில் ஏறக்குறைய நின்றேவிடும். ஆகவே இன்றோ நாளையோ பயன்படுத்தப்போகும் பிரெட் துணியிலோ காகிதப் பையிலோ சுற்றி வெளியில் இருக்கட்டும். அதற்கு மேல் என்றால் துண்டு போட்டு, காற்றுப்புகாத பையில் போட்டு ஃப்ரீஸரில் வையுங்கள். முழுதாக உறைய வைத்தால் பிறகு வெட்ட முடியாது. ஃப்ரீஸரிலிருந்து எடுத்த துண்டை உருக விடாமல் நேராக ஓவனில் வைக்கலாம். ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். இறுகிய மாவுச்சத்து சூட்டில் மறுபடி இளகிவிடும் என்பதால், கெட்டியாகிப்போன பிரெட்கூடப் புருஸ்கெட்டாவுக்கு நன்றாகவே உதவும்.

சுட்டு முடித்த துண்டுகள் வேறு கதை. அவை முழுக்க ஆறியபின், காற்றுப்புகாத டப்பாவில், அறைச் சூட்டில் இரண்டு மூன்று நாள் தாங்கும். "முழுக்க" என்பதை அழுத்திச் சொல்கிறேன். தொட்டால் ஆறியதுபோல இருந்தாலும் உள்ளே வெதுவெதுப்பு இருக்கும். அதோடு மூடினால் மறுநாள் மூடியைத் திறக்கும்போது எல்லாம் நமத்துக் கிடக்கும். அரைமணி நேரமாவது வலைத்தட்டிலேயே விடுங்கள். பரிமாறும் முன் 180 டிகிரியில் மூன்று நாலு நிமிடம் காட்டினால் புதிதாகச் சுட்டது போல ஆகிவிடும். மைக்ரோவேவ் கூடாது. அது உள்ளே இருக்கும் ஈரத்தை ஆவியாக்கி வெளியே தள்ளுவதால் துண்டு முதலில் மெத்தென்று ஆகி, ஆறியதும் ரப்பராகிவிடும்.

தக்காளிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் உள்ள உறவு கொஞ்சம் விசித்திரமானது. முழுத் தக்காளியை அதில் வைக்கக்கூடாது, நறுக்கிய தக்காளியை வெளியில் வைக்கக்கூடாது. முழுப் பழம் ஏறக்குறைய 12 டிகிரிக்குக் கீழே போய் நாள் கணக்கில் இருந்தால், மணம் தரும் பொருட்களை உண்டாக்கும் வேலையை அது குறைத்துக்கொள்கிறது. சதையும் மாவு மாதிரி ஆகிவிடும். புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று 2016-ல் இதை மரபணு அளவில் காட்டியது. ஒரு வாரம் குளிரில் இருந்த பழத்தில் மணத்துக்கான மரபணுக்கள் சில அடங்கிப்போகின்றன, வெளியே எடுத்து வைத்தாலும் அந்த மணம் முழுதாகத் திரும்புவதில்லை. ஆகவே பழங்களைக் காம்புப் பக்கம் கீழாக வைத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாமல், வெயில் படாத இடத்தில் வையுங்கள். ரொம்பப் பழுத்து இன்றைக்கு நாளைக்கு வெடித்துவிடும் போல இருந்தால் மட்டும், வீணாகாமல் இருக்க ஓரிரு நாள் ஃப்ரிட்ஜில் வைப்பது சரி.

எந்தத் தக்காளி நல்லது என்று கேட்டால், மணக்கும் தக்காளி என்பேன். காம்பு இருந்த இடத்தை மூக்கருகே கொண்டுபோனால் தெரிந்துவிடும். நீள உருவ ரோமா வகையில் தண்ணீர் குறைவு, சதை அதிகம்; ஒரே சீராக நறுக்க வரும். செர்ரித் தக்காளியில் இனிப்பு அதிகம், தக்காளிக்குக் காலமில்லாத மாதங்களில்கூட ஓரளவு ருசியாகக் கிடைக்கும். பெரிய சாறுள்ள பழம் என்றால் வடிகட்டும் வேலை கூடும், ஆனால் நல்ல பருவத்தில் அதன் ருசிக்கு இணை கிடையாது.

அரை கிலோ தக்காளி ஏறக்குறைய 12 துண்டுக்கு வரும். ஒரு சென்டிமீட்டர் சதுரமாக நறுக்கி, அரை டீஸ்பூன் உப்புப் போட்டுப் பிரட்டி, ஒரு கிண்ணத்தின்மேல் வைத்த வடிகட்டியில் 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். அழுத்திப் பிழிய வேண்டாம். கிண்ணத்தில் இறங்கியிருக்கும் சாறு நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக இருக்கும். அவ்வளவும் பிரெட்டுக்குள் போயிருக்க வேண்டியது! பல குறிப்புகளில் விதையையும் அதைச் சுற்றியுள்ள வழவழப்பையும் முதலிலேயே வழித்து எறியச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தக்காளியின் ருசிக்கு ஆழம் தரும் குளுட்டமேட் சதையைவிட அந்த வழவழப்பில்தான் அதிகம். அதை எறிந்தால் ருசியின் பெரும்பங்கு போய்விடும். உப்புப் போட்டு வடித்தால் தண்ணீர் மட்டும் இறங்கி வழவழப்பில் பெரும்பகுதி மேலேயே தங்கும். கீழே இறங்கிய சாற்றையும் கொட்டாதீர்கள். அதில் கொஞ்சம் ஆலிவ் எண்ணெயும் மிளகும் சேர்த்து அடித்து, பரிமாறும் நேரத்தில் தக்காளிமேல் ஒரு ஸ்பூன் விட்டுக் கலந்தால் வாசனை தூக்கலாக இருக்கும். மிச்சத்தை சாலட்டுக்கோ சூப்புக்கோ வைத்துக்கொள்ளலாம்.

மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். காற்றுக் குமிழி ஏறி நிறம் வெளிறி ரோஸாகும், செல்கள் எல்லாம் உடைந்து மொத்தமும் நீராகும். கூரான கத்தி இருந்தால் நறுக்குவது ஐந்து நிமிட வேலைதான்.

நறுக்கிய தக்காளியை வெளியிலேயே வைத்திருப்பது ருசிக்கு நல்லதாக இருக்கலாம், உடம்புக்கு நல்லதல்ல. புளிப்புப் பண்டம்தானே, கிருமி வராது என்று நினைக்கிறோம். தக்காளியின் புளிப்பு அந்த அளவுக்கு இல்லை. தோல் வெட்டப்பட்டதும் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அந்தச் சாற்றில் பெருக முடியும். அமெரிக்காவில் தக்காளியால் பரவிய நோய்களைப் பார்த்தபிறகு, அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் 2007-ல் நறுக்கிய தக்காளியையும் 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே வைக்க வேண்டிய உணவுகளோடு சேர்த்தது. அதனால் நறுக்குவதற்கு முன் பழங்களை ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். நறுக்கியபின் உடனே பரிமாறாவிட்டால் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சாப்பாட்டு மேசையில் மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 32 டிகிரியைத் தாண்டும் வெக்கையில் ஒரு மணி நேரம்தான்.

ஃப்ரிட்ஜில் வைக்கும் கலவையில் என்ன இருக்கலாம் என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. தக்காளி இருக்கலாம், மிளகு இருக்கலாம். பேசில், எண்ணெய், பூண்டு மூன்றும் அப்போது வேண்டாம். உப்பைக்கூடக் கடைசிக்குத் தள்ளினால் தக்காளி கட்டியாக நிற்கும். வடிகட்டும் நேரத்தைப் பரிமாறுவதற்கு முன் வைத்துக்கொள்ளலாம். இப்படி வைத்த தக்காளி மறுநாள்வரை நன்றாக இருக்கும். இரண்டாம் நாள் சாப்பிடலாம், ஆனால் துடிப்பு போயிருக்கும். அதற்குமேல் நான் பச்சையாகப் பரிமாற மாட்டேன். வெளியே எடுத்ததும் குளிராகவே பிரெட்டில் வைக்காமல், 20 நிமிடம் விட்டால் மணம் எழும்பி வரும்.

பேசில்தான் இந்தக் கூட்டத்தில் மிகவும் மென்மையானது. வெப்பநாட்டுச் செடி. 10 டிகிரிக்குக் கீழே போனால் இலையின் செல்கள் அடிபட்டு, ஒரே இரவில் கறுத்துவிடும். கீரைகளோடு சேர்த்து ஃப்ரிட்ஜில் வைத்த கட்டு மறுநாள் கறுப்பாகக் கிடப்பது அதனால்தான். காம்பின் நுனியைச் சாய்வாக வெட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் பூச்செண்டு போல நிறுத்தி, நேர்வெயில் படாமல் சமையல் மேடையிலேயே வைத்தால் ஒரு வாரம்கூட இருக்கும். தண்ணீரை ஓரிரு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சில காம்புகள் வேர்கூட விடும், அவற்றைத் தொட்டியில் நட்டுவிடலாம். நறுக்குவதும் கடைசி நிமிடத்தில்தான். மழுங்கிய கத்தியால் கொத்தினால் நசுங்கிய இடமெல்லாம் கறுக்கும். இலைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சுருட்டி, கூரான கத்தியால் மெல்லிசாக ஒரே வீச்சில் வெட்டலாம். இல்லையென்றால் கையால் கிள்ளிப் போடலாம். நான் கிள்ளுவேன், விரல்களில் தங்கும் வாசனைக்காகவே.

இனி சொல்லப்போவதை எல்லாரும் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பச்சைப் பூண்டை நறுக்கி ஆலிவ் எண்ணெயில் போட்டு, பாட்டிலில் அடைத்து, சமையல் மேடையில் வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பார்க்க அழகாக இருக்கும், பிரெட்டில் தடவ வசதியாகவும் இருக்கும். ஆனால் அது ஆபத்தானது. மண்ணில் வளரும் பூண்டில் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் விதைத்துகள்கள் ஒட்டியிருக்கலாம். காற்று இருக்கும் இடத்தில் அவை சும்மா கிடக்கும். எண்ணெய்க்குள் காற்று இல்லை, பூண்டில் புளிப்பு இல்லை, அறைச் சூடும் சேர்ந்தால் அவை முளைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். எண்ணெயின் நிறமோ மணமோ மாறாது என்பதால் கண்டுபிடிக்கவும் முடியாது. 1985-ல் கனடாவின் வான்கூவரில், குளிரில் வைக்காத பூண்டு எண்ணெயால் 36 பேர் இந்த நோய்க்கு ஆளானார்கள். 1989-ல் நியூயார்க் மாநிலத்தின் கிங்ஸ்டனிலும் இதே காரணத்தால் மூன்று பேருக்கு வந்தது. அதன்பிறகுதான் கடையில் விற்கும் பூண்டு எண்ணெயில் புளிப்பு சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்காவில் வந்தது. வீட்டில் செய்வதில் அந்தக் காப்பு கிடையாது.

ஆகவே பூண்டு எண்ணெய் வேண்டுமென்றால் அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே செய்யுங்கள். மிஞ்சினால் உடனே ஃப்ரிட்ஜில் வைத்து 4 நாளுக்குள் முடிக்க வேண்டும், அல்லது ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைக்கலாம். பேசிலை எண்ணெயில் ஊறப்போடுவதற்கும் இதே விதிதான். சுடச்சுட இருக்கும் பிரெட்டில் நேராகப் பூண்டைத் தேய்த்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவுமே இல்லை, ருசியும் அதில்தான் கூடுதல்.

வெறும் ஆலிவ் எண்ணெய் பிரச்சினையில்லாதது. வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் அதற்குப் பகை. அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காமல், கறுத்த பாட்டிலில், மூடியை இறுக்கி அலமாரிக்குள் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் வெண்மையாக உறையும், வெளியே எடுத்தால் பழையபடி ஆகிவிடும், கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிட வேண்டாம்.

அடுக்குவதில் ஒரு வரிசை இருக்கிறது. சூடான டோஸ்ட், பூண்டு, அதற்குப் பிறகு எண்ணெய், அதற்கும் பிறகுதான் தக்காளி. எண்ணெய் முதலில் ஊறினால் தண்ணீர் உள்ளே இறங்குவதைக் கொஞ்ச நேரம் தடுக்கும். தக்காளியைக் கரண்டியில் எடுக்கும்போது கிண்ணத்தின் ஓரத்தில் சாய்த்து வடித்துக்கொள்ளுங்கள். மேலே பேசில், ஒரு சிட்டிகை கல்லுப்பு. பால்சாமிக் வினிகர் பிடிக்கிறவர்கள் இரண்டு சொட்டு விடலாம். பழம் நன்றாக இருந்தால் எனக்கு அது தேவைப்படுவதில்லை, சப்பென்ற பழத்துக்கு மட்டும் உதவிக்குக் கூப்பிடுவேன்.

என் தங்கைதான் கேட்டாள், "அக்கா, எல்லாத்தையும் அடுக்கி வெச்சிட்டு நாமளும் போய் உக்காந்து பேசலாமே?" அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. இருபது பேர் வரும் வீட்டில் ஒருத்தி மட்டும் சமையல் மேடையில் நின்று தக்காளி அள்ளிக்கொண்டிருக்க முடியாது. அன்றிலிருந்து நான் கூட்டம் அதிகமென்றால் அடுக்குவதையே விட்டுவிட்டேன். நடுவில் பெரிய தட்டில் சூடான டோஸ்ட், ஒரு சின்னத் தட்டில் வெட்டிய பூண்டுப் பற்கள், ஒரு கிண்ணத்தில் தக்காளி, டம்ளரில் பேசில் கொத்து, எண்ணெய் பாட்டில், உப்பு. வந்தவர்களே தேய்த்து, ஊற்றி, அள்ளி, இலை கிள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். குழந்தைகளுக்குப் பூண்டு தேய்ப்பதில் ஒரே குஷி. நமத்துப்போன ஒரு துண்டும் யார் தட்டிலும் இருப்பதில்லை. தக்காளிக் கிண்ணத்தை ஒன்றாக வைக்காமல் இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஃப்ரிட்ஜிலேயே வைத்திருப்பேன். முதல் கிண்ணம் தீர்ந்ததும் அதில் புதிதாக நிரப்பாமல், கிண்ணத்தையே மாற்றிவிடுவேன். பழைய கலவையோடு புதியது சேர்ந்தால் எது எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்ற கணக்கு தப்பிவிடும்.

தக்காளி பிடிக்காதவர்களுக்காகவும், தாமதமாக வருபவர்களுக்காகவும் அதிகம் தண்ணீர் விடாத இன்னொரு மேல்வைப்பு தயாராக இருந்தால் நிம்மதி. வேகவைத்த வெள்ளை பீன்ஸை ஒன்றிரண்டாக மசித்து, எண்ணெயும் மிளகும் சேர்த்து வைப்பது டஸ்கனியில் பழக்கமானது. ஃப்ரிட்ஜில் மூன்று நாள் அப்படியே இருக்கும், பிரெட்டையும் நனைக்காது. சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடமிளகாயும் அதே அளவு தாங்கும். காளானை நீர் வற்ற வதக்கி வைக்கலாம், சூடாக்கிப் போட வேண்டும். ரிக்கோட்டா சீஸ் கெட்டியாக ஒரு பூச்சு கொடுத்து, அதன்மேல் தக்காளி வைத்தால் பிரெட் கூடுதல் நேரம் மொறுமொறுப்பாக நிற்கும். தண்ணீரில் மிதக்கும் புது மொஸரெல்லாவை மட்டும் நன்றாக வடித்து, துணியில் ஒற்றி எடுத்தபின் போடுங்கள். தக்காளியைவிட அது சத்தமில்லாமல் அதிகம் நனைத்துவிடும்.

வேறொருவர் வீட்டுக்கு எடுத்துப்போவதாக இருந்தால் டோஸ்ட் ஒரு டப்பா, வடித்த தக்காளி ஐஸ் பையோடு இன்னொரு டப்பா, பேசிலை ஈரக் காகிதத்தில் காம்பு சுற்றிக் கையில், முழுப் பூண்டு, சின்ன பாட்டிலில் எண்ணெய். போனதும் அவர்கள் ஓவனை மூன்று நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்வேன். ஓவன் இல்லாத இடமென்றால் வாணலியில் இரண்டு பக்கமும் காட்டினாலும் போதும்.

மிச்சத்துக்கு வருவோம். அடுக்கி மிஞ்சிய துண்டுகளை எடுத்து வைப்பதில் பொருளில்லை. அதிக நேரம் வெளியில் இருக்கவில்லை என்றால், மேலே கொஞ்சம் சீஸ் துருவிப் போட்டு ஓவனில் வைத்து அன்றைக்கே சாப்பிட்டுவிடலாம், அது வேறு பண்டமாகிவிடும், நன்றாகவும் இருக்கும். ஃப்ரிட்ஜில் இருந்த தக்காளிக் கலவை துடிப்பிழந்துவிட்டால் வாணலியில் எண்ணெய், பூண்டோடு பத்து நிமிடம் வதக்கினால் பாஸ்தாவுக்கான சாஸ் தயார். வெறும் டோஸ்ட் மிஞ்சினால் டஸ்கனிக்காரர்களிடம் இரண்டு வழி இருக்கிறது. கையால் உடைத்து, தக்காளி, வெங்காயம், வெள்ளரி, வினிகர், எண்ணெய் சேர்த்து ஊறவிட்டால் பன்சனெல்லா என்ற சாலட். தக்காளியோடு சேர்த்துக் குழைய வேகவைத்தால் பாப்பா அல் பொமொதோரோ என்ற கெட்டியான சூப். இரண்டிலும் பிரெட் ஊற வேண்டும், எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதற்கும் மிஞ்சிய ஓரங்களையும் தூள்களையும் மிக்ஸியில் கொரகொரவென்று பொடித்து, எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, ஆறவைத்து டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். பாஸ்தாமேல் தூவ ஒரு வாரம் வரும்.